முதலாளி நலம்

ஜூன் 8
இரவு

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உன்னோடு அறையில் இருப்பவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சரி, காட்டாதே. படித்து முடித்ததும் கிழித்துவிடு. கிழிக்க மனது வரவில்லை என்றால் உன் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டு. நான் உனக்கு எழுதுவது அப்பாவுக்குத் தெரியவே கூடாது.

உன் விலாசத்தைக் கீழ்க்கடை தையல்கார அக்காதான் கொடுத்தார். பதில் எழுதினால் அவர் கடை விலாசத்துக்கே எழுது. போனில் பேச முடியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா என் போனை வாங்கி, டிப்போவில் பஸ் வந்த நேரம் போன நேரம் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு நம்பராகப் பார்க்கிறார். "இந்த வீட்டுல இனி அவன் பேர் கேக்கக்கூடாது" என்று நீ போன அன்று சொன்னார். அதற்குப் பிறகு உண்மையிலேயே கேட்கவில்லை. வேறு எந்தப் பேரும்கூடக் கேட்கவில்லை. அம்மா இறந்தபோதுகூட வீட்டில் இவ்வளவு அமைதி இல்லை. அப்போது நீ அழுதுகொண்டாவது இருந்தாய்.

நான் இப்போது உன் அறையில், உன் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அறை விளக்கைப் போட்டால் கதவின் கீழே வெளிச்சம் தெரியும். மீன்தொட்டி விளக்கு மட்டும் எரிகிறது. அது போதுமானதாக இருக்கிறது.

மீனைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். நீ போய் ஒன்பது நாள் ஆகிறது, அது ஒன்பது நாளாக எதுவும் சாப்பிடவில்லை. நீ வைத்துவிட்டுப் போன பாக்கெட் தீனி மேலே மிதந்து, ஊறி, பஞ்சு மாதிரி ஆகிக் கீழே இறங்குகிறது. நான் கதவைத் திறந்தாலே கண்ணாடியில் போய் முட்டுகிறது. மூக்கு நுனி உரிந்து வெள்ளையாகிவிட்டது. என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம் இருக்கிற மீன் இப்படிப் பயப்படும் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்து இதுவரை யாரும் பயந்ததில்லை.

அண்ணா, நீ அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு, அப்பா சொல்லிவைத்திருந்த வேலைக்கு நேர்காணல் என்று கிளம்பிப் போனாய். சாயங்காலம் அதே சட்டையோடு ஏரியிலிருந்து, கையில் வாளியும் வாளிக்குள் இந்த விரால் மீனுமாக வந்தாய். அப்பா உன்னை அறைந்ததைவிட அதற்குப் பிறகு சொன்னதுதான் என் காதில் இருக்கிறது. "மூணு மணி நேரம் மேனேஜர் ரூம் வாசல்ல நின்னேன்டா. அவரு வெளிய வந்து என்கிட்ட மணி கேக்கறாரு. என்கிட்ட!" டிப்போவில் எல்லாருக்கும் நேரம் சொல்லுகிற அப்பா. நீ அப்போதாவது ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். வாளியை எங்கே வைப்பது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இந்த மாதம் முடிவதற்குள் மீனை அப்புறப்படுத்தவில்லை என்றால் சட்டியில் போட்டுவிடுவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் அது பட்டினியால் செத்துவிடும் போலிருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று சீக்கிரம் எழுது.

உன்
வாலு

~

ஜூன் 17

வாலு,

உன் கடிதம் கிடைத்தது. பெட்டியில் பூட்டிவிட்டேன். போதுமா?

முதலில் ஒன்று தெரிந்துகொள். ஏரியில் பிறந்து வளர்ந்த மீனுக்குப் பாக்கெட் தீனி என்றால் என்னவென்றே தெரியாது. அதைப் பொறுத்தவரை நீ மேலேயிருந்து குப்பை கொட்டுகிறாய். கடையில் வாங்குகிற மீன் குஞ்சிலிருந்தே கையைப் பார்த்து வளர்ந்தது. இது கையைப் பார்த்து ஓடி வளர்ந்தது. அதனால் அவசரப்படாதே.

தொட்டியின் மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டு. முன்பக்கம் ஒன்று திறந்திருந்தால் போதும். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெட்டவெளியாக இருந்தால் எவனுக்கும் பயம் வரும். உள்ளே ஒரு உடைந்த பூந்தொட்டியைப் படுக்கவைத்துப் போடு, ஒளிந்துகொள்ளும். தண்ணீரைக் குழாயிலிருந்து நேராக ஊற்றிவிடாதே. ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்து மறுநாள் ஊற்று. ஒரு தடவைக்குக் கால் பங்குக்கு மேல் மாற்றாதே.

தீனிக்குப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கக் கால்வாயில் சுண்டுவிரல் அளவுக்குப் பொடிமீன் இருக்கும். வடிகட்டியில் அள்ளி உயிரோடு விடு. ஓடுகிற ஒன்றைப் பார்த்தால் அதன் வாய் சும்மா இருக்காது. ஒரு வாரம் கழித்து மண்புழுவைக் குச்சி நுனியில் ஆட்டிக் காட்டு. அதற்கும் பழகிவிட்டால் பிறகு நீ எதைக் காட்டினாலும் தின்னும். மிச்சம் கிடப்பதை உடனே எடுத்துவிடு, தண்ணீர் கெட்டுவிடும். துணைக்கு என்று வேறு மீன் எதையும் விடாதே. விடிவதற்குள் துணை வயிற்றில் இருக்கும்.

நான் இங்கே லிப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக்குக் கையாளாக இருக்கிறேன். பதினாலு மாடிக் கட்டடத்தில் கிணறு மாதிரி ஒரு குழிக்குள் கம்பியில் தொங்கிக்கொண்டு கிரீஸ் தடவுகிற வேலை. எங்கள் முதலாளிக்கும் எதுவும் பிடிக்காது. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போய்விடுவார். நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு அவர்தான் ஞாபகம் வந்தார். ஆகையால் இன்று முதல் நம் மீனுக்கு முதலாளி என்று பெயர். மரியாதையாகப் பேசு.

இன்னொன்று, முதலாளியின் மூக்கில் மருந்து எதுவும் தடவப் போகாதே. முட்டுவதை நிறுத்தினால் தானாக ஆறும்.

படிக்கிறாயா?

அண்ணன்

~

ஜூலை 1

அன்புள்ள அண்ணா,

சாப்பிட்டுவிட்டது! முதலாளி சாப்பிட்டுவிட்டார்!

நீ சொன்னபடி மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டினேன். கால்வாயில் மீன் அள்ளப் போனபோது பாவாடை முழங்கால்வரை நனைந்துவிட்டது. மேல்வகுப்புப் பெண்கள் சுவரில் உட்கார்ந்துகொண்டு, "ஏய் கொக்கு! இன்னிக்கு எத்தனை கிடைச்சுது?" என்று கத்தினார்கள். இப்போது பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொக்கு என்றுதான் பெயர். பரவாயில்லை. முன்னால் யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

முதல் மூன்று நாள் பொடிமீன்கள் அவருக்கு முன்னாலேயே உலாவின. நான்காம் நாள் காலையில் எண்ணினேன், பத்தில் ஆறுதான் இருந்தன. நேற்று குச்சியில் புழுவை ஆட்டினேன். பூந்தொட்டிக்குள்ளிருந்து மெதுவாக முகம் மட்டும் வந்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு சப்பென்று ஒரு சத்தம், குச்சி காலி. நான் கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் அப்பா முன்னறையில் இருப்பது ஞாபகம் வந்தது.

"என்ன?"

"கரப்பான்பூச்சிப்பா."

"அடிச்சியா?"

"ஓடிடுச்சுப்பா."

கடந்த வாரத்தில் அப்பா திட்டாமல் என்னோடு பேசியதிலேயே நீளமான பேச்சு இதுதான். மற்ற நாட்களில் மூன்றே கேள்விகள்: சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா, லைட்டை அணைச்சியா. மூன்றுக்கும் ஒரே பதில். சில நாள் அவர் கேட்பதற்கு முன்னாலேயே சேர்த்துச் சொல்லிவிடலாமா என்று தோன்றும்.

உன் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. உன் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் முதலாளியைப் பற்றி. எனக்கு ஒரு வார்த்தை, படிக்கிறாயா என்று. படிக்கிறேன். கணக்கில் அறுபத்து நாலு. நீ எப்படிச் சாப்பிடுகிறாய், எங்கே படுக்கிறாய், கம்பியில் தொங்கும்போது பயமாக இருக்காதா, இதெல்லாம் எழுதமாட்டாயா? அப்பாவைப் பற்றி ஒரு வரியாவது கேட்கமாட்டாயா? அவர் இளைத்துவிட்டார்.

உன் கடிதத்தை வாங்கப் போனபோது தையல்கார அக்கா கவரை முகத்துக்கு நேரே ஆட்டி, "யாருடி இது? கையெழுத்து ஆம்பளை கையெழுத்தா இருக்கு" என்றார். அண்ணன் என்றேன். "எல்லாரும் அண்ணன்னுதாண்டி ஆரம்பிக்கறாங்க" என்று சிரித்தார். அவருக்கு எல்லாம் தெரியும், வேண்டுமென்றே சீண்டுகிறார்.

இப்போது அவசரமான விஷயம். முந்தாநாள் சாயங்காலம் நான் சமையலறையில் இருந்தபோது இங்கே தொப்பென்று விழுந்த சத்தம். ஓடி வந்தால் முதலாளி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறார், பழைய செருப்புகளுக்கு நடுவில். மூடியாக வைத்திருந்த அட்டையைத் தள்ளிவிட்டுக் குதித்திருக்கிறார். கையில் நிற்கவில்லை. உன் பழைய பனியனால் போர்த்திப் பிடித்துத் தூக்கிப் போட்டேன். அப்பா கதவுக்கு வெளியே வந்து நின்றார். நீ போன பிறகு அவர் இந்த அறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை.

"என்ன சத்தம்?"

"புக்கு விழுந்துடுச்சுப்பா."

"புக்கு துடிக்குமா?"

ஈரப் பனியனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "மறுபடி அது வெளிய வந்துச்சு, நேரா சட்டிதான்" என்றார். ராத்திரியெல்லாம் அது தண்ணீரில் அடிக்கிற சத்தத்தில் தூக்கம் வரவில்லையாம், விடிகாலை முதல் பஸ்ஸை யார் அனுப்புவது என்று கேட்டார். அண்ணா, இனி அது குதிக்கக்கூடாது. என்ன செய்ய?

உன்
வாலு

~

ஜூலை 12

வாலு,

அட்டை எல்லாம் விராலுக்கு ஒரு மூடியா? அது ஏரிக்கரையையே தாண்டி அடுத்த குட்டைக்கு நகர்ந்து போகிற சாதி. கட்டிலுக்கு அடியில் அரைமணி நேரம் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தொட்டிக்கு வெளியே எடுத்தால் செத்துவிடும் என்று பயப்படாதே. அப்பாவின் சட்டிக்குத்தான் பயப்பட வேண்டும்.

பரணில் என் பழைய மேசைப் பலகை இருக்கிறது. அளவு சரியாக இருக்கும். அதை வைத்து மேலே இரண்டு செங்கல் வை. ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் தலையைக் கொடுத்து நெம்பிவிடும், அதனால் நாலு பக்கமும் டேப் ஒட்டி இறுக்கு. இடைவெளி விடாதே.

நீ கோபப்பட்டதைப் படித்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ எழுதுகிற மற்றதை எல்லாம் படிக்கிறேன், இரண்டு தடவை படிக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. அன்று அவர் மூன்று மணி நேரம் நின்றார் என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் என்ன எழுத முடியும்? மீனைப் பற்றி என்றால் நிற்காமல் எழுதுகிறேன். அது இருக்கிறவரை நமக்குள் கடிதம் இருக்கும் என்று வைத்துக்கொள். இல்லாவிட்டால் நான் அந்த வீட்டுக்கு ஒரு வரி எழுதியிருக்கமாட்டேன், உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அதனால் முதலாளியை நன்றாகப் பார்த்துக்கொள்.

அண்ணன்

~

ஜூலை 27

அண்ணா,

இந்தக் கடிதத்தை நான் அனுப்பப் போவதில்லை. ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும், சொல்ல யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலாளி செத்துவிட்டார். நான்தான் கொன்றேன்.

பலகையை இறக்கி அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். அன்று ராத்திரி முழுக்க அவர் உள்ளேயிருந்து பலகையில் தலையை மோதிக்கொண்டே இருந்தார். டொக், டொக் என்று. தண்ணீருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. அந்த இடத்தில்தானே எகிறி மோதுகிறார், அந்த இடமே இல்லாவிட்டால் குதிக்க முடியாது, தலையும் அடிபடாது, அப்பாவும் தூங்குவார் என்று நினைத்தேன். மீனுக்குத் தண்ணீர் அதிகம் இருந்தால் நல்லதுதானே என்றும் நினைத்தேன். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன், வைத்திருந்த இரண்டு வாளித் தண்ணீரையும் ஊற்றி விளிம்புவரை நிரப்பிவிட்டு, பலகை தண்ணீரைத் தொடும்படி வைத்து, மறுபடி டேப் ஒட்டினேன். செங்கல்லையும் வைத்தேன். சத்தம் நின்றுவிட்டது. நான் சந்தோஷமாகப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது பலகைக்கு அடியில் மல்லாந்து ஒட்டிக்கொண்டிருந்தார். வாய் பலகையின் ஓரத்தில், டேப் ஒட்டிய இடத்தில் இருந்தது.

எதனால் என்று எனக்குப் புரியவில்லை. சந்தையில் மீன் நறுக்குகிற அம்மாவிடம் போய், தோழி வீட்டு மீன் என்று சொல்லிக் கேட்டேன். அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"விராலையா நிறைய தண்ணியில மூடி வெச்சாங்க? அது மேல வந்து காத்து குடிக்கிற மீனாச்சே பாப்பா. நிமிஷத்துக்கு நிமிஷம் வாயை வெளிய நீட்டி மூச்சு வாங்கும். மேல வர விடலன்னா மூழ்கிப் போயிடும்."

"மீன் மூழ்குமா?"

"இது மூழ்கும்." பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக் கத்தினார். "அண்ணே, இங்க கேட்டீங்களா? மீனைத் தண்ணியில முக்கிக் கொன்னிருக்காங்க ஒரு வீட்டுல!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், தோழி வீட்டு மீன் என்று சொல்லியிருந்தேனே.

இடைவெளி விடாதே என்று நீ எழுதியது ஓரத்து இடைவெளியை. எனக்குத் தெரியும். உன் மேல் தப்பு இல்லை. காற்று குடிக்கும் என்று நீ எழுதவில்லை, ஏனென்றால் உன்னைப் பொறுத்தவரை அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

செய்தித்தாளில் சுற்றிப் புத்தகப் பையில் வைத்துக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துக் கால்வாய்க் கரையில் புதைத்தேன். கனமாக இருந்தது. கொக்கு என்று அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை, விடுமுறை நாள்.

தொட்டி விளக்கு எரிகிறது. மோட்டார் ஓடுகிறது. உள்ளே பூந்தொட்டி மட்டும் இருக்கிறது. நீ இனி எழுதமாட்டாய்.

வாலு

~

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலாளி நலம்.

நீ சொன்னபடி பலகை வைத்து டேப் ஒட்டிவிட்டேன். இப்போது குதிப்பதில்லை. மூக்குக் காயம் ஆறிவிட்டது. நான் கணக்குப் போடும்போது கண்ணாடிக்கு அருகில் வந்து நின்று பார்க்கிறார். நேற்று ஒரு கணக்கை மூன்று முறை தப்பாகப் போட்டேன், அவர் திரும்பிக்கொண்டு பூந்தொட்டிக்குள் போய்விட்டார். புழுவைக் குச்சி இல்லாமல் கையிலிருந்தே வாங்கிக்கொள்கிறார். கொஞ்சம் வளர்ந்தும் இருக்கிறார்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. உடனே பதில் எழுது.

உன்
வாலு

~

ஆகஸ்ட் 20

வாலுக் கண்ணே,

நீ பெரிய ஆள்! ஏரி விராலைக் கையில் தீனி வாங்கவைப்பது எனக்கே கைகூடாத வித்தை. என் கூட்டாளி ஒருத்தன் அது கையைக் கடித்துவிடும் என்று சத்தியம் செய்கிறான். கோபித்துக்கொள்ளாதே, உன் கடிதத்தில் மீனைப் பற்றிய பகுதியை மட்டும் அறையில் இருக்கிறவர்களுக்குப் படித்துக் காட்டினேன். மற்றதைக் காட்டவில்லை. கணக்கைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கேட்டு வெல்டர் அண்ணன் புரையேறிச் சிரித்தார். வேலை முடிந்து வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது, "முதலாளி எப்படி இருக்காரு? லெட்டர் வந்துச்சா?" என்பதுதான். சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட ஆள் இல்லாமல் இருந்தேன். இப்போது இது ஒன்று இருக்கிறது.

உனக்கு ஒரு நல்ல சேதி. என்னை மெக்கானிக்காக ஏற்றிவிட்டார்கள். தரைத்தளத்தில் எனக்கென்று ஒரு சின்ன அறை கிடைத்திருக்கிறது. நாலடி நீளத்தில் ஒரு பழைய தொட்டியும் வாங்கிவிட்டேன், ஒரு மூலையில் கசிந்தது, அடைத்தாகிவிட்டது. செப்டம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வருகிறேன். அவர் அந்த நேரத்தில் டிப்போவில் இருப்பார். நண்பனின் வேன் தெருமுனையில் நிற்கும். நான் மேலே வந்து முதலாளியை வாளியில் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போய்விடுவேன். அவர் வருவதற்குள் தரையைத் துடைத்துவிடு.

அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கென்று எதுவும் இல்லை. நீயும் பயந்து பயந்து எழுத வேண்டாம்.

ஒரு நாள் முன்பிருந்து தீனி போடாதே. பயணத்தில் தண்ணீர் அழுக்காகாமல் இருக்கும்.

அண்ணன்

~

செப்டம்பர் 5
இரவு

அன்புள்ள அண்ணா,

இதையும் யாரிடமும் காட்டாதே. மீன் பகுதியைக்கூடப் படித்துக் காட்டாதே. வெல்டர் அண்ணனிடம் நீயே ஏதாவது சொல்லிக்கொள்.

இதோடு ஜூலை 27 அன்று எழுதி அனுப்பாத கடிதத்தை வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டு இதற்கு வா.

படித்துவிட்டாயா? இப்போது உனக்குத் தெரியும். ஆகஸ்டில் நான் எழுதியது எல்லாம் பொய். கணக்கை மூன்று முறை தப்பாகப் போட்டது மட்டும் உண்மை. மீன் இருக்கிறவரைதான் கடிதம் என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன் கடிதம் வராத வாரத்தில் நான் வீட்டில் எத்தனை வார்த்தை பேசுகிறேன் என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

நீ சந்தோஷமாக எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு ஜுரமே வந்துவிட்டது. இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. நீ படியேறி வந்து அந்தக் காலித் தொட்டியைப் பார்க்கிற முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. வேறொரு விராலைச் சந்தையில் வாங்கி விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அங்கே உயிரோடு விற்பதில்லை.

இப்போது நான் சொல்வதை நம்பு. இது பொய் இல்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே அப்பா வந்து நின்றார். கால்சட்டை முழங்கால்வரை சேறு. கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. ஒரு தோளில் உன் தூண்டில், இன்னொரு கையில் உன் வாளி. வாளியை ஒரு துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். துணி உள்ளேயிருந்து துள்ளிக்கொண்டிருந்தது.

"இதுக்கு என்ன தீனி போடணும்னு எழுதிக் கேளு" என்றார்.

"யாருக்குப்பா?" என்றேன்.

"யாருக்கு எழுதிட்டு இருக்கியோ அவனுக்கு."

வாளியை வாசற்படியில் வைத்துவிட்டு நின்றார். உள்ளே வரவில்லை. நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் அழாதே என்று சொல்லவில்லை. சும்மா நின்றார், டிப்போவில் தாமதமாக வருகிற பஸ்ஸுக்காக நிற்பதுபோல. பிறகு, "அது போன அன்னைக்கே எனக்குத் தெரியும். ராத்திரி சத்தம் இல்ல. சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வரல" என்றார். "எப்படிச் செத்துச்சு?"

"மூழ்கிடுச்சுப்பா."

"எது?"

"மீனு."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் தையல்கார அக்காவைப் பிடித்துச் சண்டை போட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. "நான் என்னடி பண்ணுவேன்? உங்கப்பா வாரத்துக்கு ஒரு சட்டையைக் கொண்டுவந்து பட்டன் தைக்கச் சொல்லுவாரு. நல்லா இருக்கிற பட்டனைத்தான். தைக்கிறவரைக்கும் நின்னுட்டே இருப்பாரு. போறப்ப, 'ஒண்ணும் வரலையா'ன்னு கேப்பாரு. ஒண்ணுன்னா என்னன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. வந்துச்சுன்னா வந்துச்சும்பேன். தலையை ஆட்டிட்டுப் போயிடுவாரு. ஒரு தடவைகூடப் பிரிச்சுப் பாக்கல" என்றார். அப்பாவிடம் ஏழு சட்டைதான் இருக்கிறது, அண்ணா.

அவருடைய விடுமுறைச் சனிக்கிழமைகளில் விடியும்போதே எங்கே போகிறார் என்று நான் கேட்டதில்லை. ஐந்து வாரம் ஏரிக்குத்தான் போயிருக்கிறார். தூண்டிலில் இரைக்குப் பதிலாக மாட்டுகிற உன் ரப்பர் தவளையை வைத்துக்கொண்டு வீசியிருக்கிறார். முதல் வாரம் முள் அவர் சட்டைக் கையிலேயே மாட்டிக்கொண்டதாம். மூன்றாவது வாரம் தவளை மரத்தில் சிக்கி, ஏறி எடுத்தாராம், இந்த வயதில். நேற்று சாப்பிடும்போது இதையெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நடுவில் நிறுத்திவிட்டு, "காலையில ஆறு மணிக்குப் போனேன். நிமிந்து பாத்தா ஒம்போதரை. மூணரை மணி நேரம் எங்க போச்சுன்னே தெரியல" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மீன் சின்னது. முக்கால் சாண்தான் இருக்கும். முதலாளிக்குப் பாதிகூட இல்லை. மூன்று பக்கமும் செய்தித்தாள் இருக்கிறது. தண்ணீரை முக்கால் அளவுக்குமேல் ஏற்றவில்லை. அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து காற்று வாங்குகிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நேற்றுவரை எதுவும் தின்னவில்லை.

"இளைச்சுப் போச்சுன்னு எழுதலாமா?" என்று அப்பா கேட்டார். ஒரு நிமிடம் தாமதமாக வந்த ஓட்டுநருக்காகக்கூடப் பதிவேட்டில் பொய் எழுதாதவர்.

"மீன் நீளத்துல இளைக்குமாப்பா?"

"இளைக்காதா?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "வேண்டாம். அவன் கண்டுபிடிச்சுடுவான்" என்றார்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம். நீ இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாக எழுதியிருந்தாயே, அதை நான் அப்பாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. அவர் நாட்காட்டியைப் பார்த்தார். மறுநாள் சாயங்காலம் வந்து, அன்றைக்குத் தன் டியூட்டியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஆக, நீ வரும்போது அப்பா வீட்டில் இருப்பார்.

இதை எழுதாமல் விட்டிருந்தால் நீ நிச்சயம் வந்திருப்பாய். எழுதினால் வரமாட்டாயோ என்று பயமாக இருக்கிறது. மூன்று தாள் கிழித்துவிட்டேன். ஆனால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஒரு மாதம் அதோடு படுத்து எழுந்தேன், இன்னொன்று என்னால் முடியாது.

அதனால் உள்ளதைச் சொல்கிறேன். முதலாளி இல்லை. வேன் தேவைப்படாது. இந்தச் சின்ன மீனை நீ எடுத்துப் போவதா, இங்கேயே இருப்பதா என்று தெரியவில்லை. வாசலில் அப்பா இருப்பார். அவர் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது, ஒன்றும் பேசாமலும் இருக்கலாம். இவ்வளவும் தெரிந்த பிறகு நீ வருவாயா?

அந்த வீட்டில் எனக்கென்று எதுவும் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் பல தடவை படித்துவிட்டேன். நான் இருக்கிறேனே அண்ணா. மீன் இல்லாமல் எனக்கென்று ஒரு கடிதம் எழுதமாட்டாயா? ஒரு பக்கம் போதும். கம்பியில் தொங்கும்போது பயமாக இருக்குமா என்று நான் ஜூலையில் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

நாளைக் காலை முதல் தபாலில் இது போய்விட வேண்டும். கவரில் விலாசம் எழுதிவிட்டேன். கோபம் வந்தால் திட்டியாவது எழுது, சும்மா மட்டும் இருந்துவிடா...

கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது. அப்பாதான். இந்த அறைக் கதவை அவர் தட்டி நான் கேட்டதே இல்லை. கையில் ஏதோ தாள் வைத்திருக்கிறார் போல, சரசரக்கிறது. கவரை ஒட்டிவிட்டாயா, இதையும் உள்ளே வைக்க முடியுமா என்று கேட்கிறார்.